அட்டை வடபழனியில், உரியவர் அயல்நாட்டில்

வடபழனி, அசோக் நகர், கே.கே. நகர் பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், பிள்ளைகள் அயல்நாட்டில் வாழும் வீடுகள் ஏராளம். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக ஆறு மாதம் அமெரிக்கா சென்று திரும்பும் ஓய்வூதியர்களும் இங்கு குறைவில்லை. இவ்விரு தரப்பினருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. அயல்நாட்டில் இருக்கும்போது வங்கி அட்டை காலாவதியானாலோ, தொலைந்தாலோ, பழுதடைந்தாலோ, கணக்கில் பணம் இருந்தும் அதை எடுக்க வழியில்லாமல் போய்விடுகிறது.

அட்டையில் அச்சிடப்பட்டுள்ள மாதத்தின் கடைசி நாளோடு அதன் ஆயுள் முடிகிறது. காலாவதிக்கு முன்பே மாற்ற வேண்டிய நிலையும் வரலாம். காந்தப்பட்டை மட்டும் கொண்ட அட்டைகளை, அவற்றின் காலம் மீதமிருந்தாலும், 2018 டிசம்பர் 31-க்குள் சில்லு பொருத்திய அட்டைகளாக மாற்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015-இல் உத்தரவிட்டது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

புதிய அட்டை பொதுவாகப் பதிவு செய்யப்பட்ட முகவரிக்கே வரும். வீடு பூட்டியிருந்தால் அது வங்கிக்கே திரும்பிவிடும். அயல்நாட்டு முகவரிக்கு அனுப்புவது வங்கிக்கு வங்கி மாறுபடுகிறது. அயல்நாட்டில் குடியேறியவர் தனது சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. அதைச் செய்யாதவரின் கணக்கில் வடபழனி முகவரி மட்டுமே இருக்கும்.

அட்டை தொலைந்தால் முதல் வேலை, அதை முடக்குவது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை இதில் வாடிக்கையாளருக்குப் பெரும் பாதுகாப்பை அளித்தது. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் பிறர் மோசடியால் பணம் பறிபோனால், தகவல் கிடைத்த 3 பணி நாள்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 பணி நாள்களுக்குள் புகார் செய்தால், அவர் ஏற்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. புகாருக்குப் பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சார்ந்தது.

அடுத்த தடை, கைப்பேசி எண். முடக்கவும், புதிய அட்டை கோரவும், ரகசிய எண் அமைக்கவும் பெரும்பாலும் இந்திய எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் தேவைப்படுகிறது. முன்கட்டண இணைப்பு 90 நாள்கள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதைத் துண்டிக்க விதி இடமளிக்கிறது. துண்டிக்கப்பட்ட எண் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். அட்டையைவிட அந்த எண்ணை இழப்பதே பெரிய இழப்பு.

மூன்றாவது தடை பலர் அறியாதது. புதிதாகவோ மாற்றாகவோ வழங்கப்படும் அட்டை, இந்தியாவுக்குள் ஏடிஎம் இயந்திரத்திலும் கடைகளின் அட்டைக் கருவியிலும் மட்டுமே இயங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் அறிவித்தது. வெளிநாட்டுப் பயன்பாட்டையும் இணையவழிப் பயன்பாட்டையும் வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். மோசடியைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால், பழைய அட்டை அயல்நாட்டில் இயங்கியது என்பதால் புதியதும் இயங்கும் என்று நம்புபவர், கடை வாசலில்தான் உண்மையை அறிகிறார்.

இத்தனை தடைகளையும் குடும்பங்கள் எப்படிக் கடக்கின்றன? மகனின் அட்டையைத் தந்தை வாங்கி, உறை பிரித்து, ஊருக்குச் செல்லும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறார். மகனின் இந்திய எண் வீட்டில் உள்ள கைப்பேசியில் இருப்பதால், வரும் கடவுச்சொல்லைத் தாய் வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். ரகசிய எண்ணும் அதே வழியில் பயணிக்கிறது. இதில் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆனால், ரகசிய விவரங்களைப் பிறரிடம் பகிர்வதை மேற்சொன்ன 2017 சுற்றறிக்கை கவனக்குறைவு என்றே கருதுகிறது. அதனால் இழப்பு நேர்ந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை போன பணம் முழுவதும் வாடிக்கையாளரையே சேரும். நேர்வழி அடைபட்டிருப்பதால் குறுக்குவழியில் செல்லும் குடும்பம், சட்டம் தந்த பாதுகாப்பைத் தானே இழக்கிறது.

பயணத்துக்கு முன் சில ஏற்பாடுகள் அவசியம். திரும்பும் நாளுக்குள் அட்டை காலாவதியாகுமா என்று பார்த்து, ஆகுமெனில் முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். வேறொரு வங்கியின் அட்டையையும் தனியே எடுத்துச் செல்வது நல்லது. இந்திய எண்ணுக்கு ரோமிங் வசதி பெற்று, அதை உயிர்ப்புடன் வைத்திருக்க வேண்டும். வங்கியின் வெளிநாட்டு உதவி எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள், அட்டை வழங்கிய வங்கியின் ஒப்புதலோடு, அவசர மாற்று அட்டைக்கும் பணத்துக்கும் உதவுகின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால், பொறுப்பு முழுவதையும் பயணியின் தலையில் சுமத்துவது முறையாகாது. காலாவதிக்குச் சில மாதங்களுக்கு முன்பே, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று வங்கி கேட்கலாம். உரிய கட்டணத்துடன் அயல்நாட்டு முகவரிக்கு அனுப்புவதை அனைத்து வங்கிகளும் வழக்கமாக்கலாம். குறுஞ்செய்தியை மட்டுமே நம்பாத சான்றுறுதி முறைகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் இடமளிக்கின்றன. அட்டை மாற்றும் சேவைக்கும் வங்கிகள் அவற்றை விரிவுபடுத்த வேண்டும். புகாருக்கு வங்கி 30 நாள்களுக்குள் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் முறையிட முடியும் என்பது ஆறுதல்தான். ஆனால், அயல்நாட்டு மருத்துவமனையில் கட்டணம் செலுத்த நிற்கும் முதியவருக்கு 30 நாள் என்பது மிக நீண்ட காலம். அவர் அந்த வரிசையில் நிற்கும் முன்பே அட்டை அவர் கைக்குச் சேர வழி செய்வதே வங்கிச் சேவை.