பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் சொல்லும்

கணவன் மனைவி பிரிவது நம் குடும்பங்களில் நடக்காத விஷயம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தில்லிக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்ட நம்மவர்களிடையேயும் நடக்கிறது. நடந்த பின் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து நகை, வீடு, மாதச் செலவு என்று எல்லாம் பேசுகிறோம். பிள்ளையைப் பற்றியும் பேசுகிறோம். பிள்ளையிடம் பேசுகிறோமா? நான் வக்கீல் அல்ல. ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன். ஓய்வு பெற்ற பின் உறவினர் சிலருக்குத் துணையாகச் சமரச மையத்துக்குப் போய்வந்ததில் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

பிள்ளையின் விருப்பத்தைக் கேட்பது சட்டத்துக்குப் புதிதல்ல. 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தானே யோசித்துச் சொல்லும் பக்குவம் பிள்ளைக்கு இருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. இத்தனை வயது என்று வரையறுக்கவில்லை. 1984-இல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டம், நீதிபதி முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று விதித்தது. குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பரில் சேர்ந்தது. அதன் 12-ஆவது ஷரத்தும் இதையே உரிமையாகச் சொல்கிறது. வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும் முறைக்கு வலுவூட்டிய 2005-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நம் சேலத்து வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் பிள்ளையின் கருத்தைக் கேட்பது வேறு, பிள்ளையிடம் தீர்ப்புக் கேட்பது வேறு. "உனக்கு அப்பா வேணுமா, அம்மா வேணுமா?" என்று நாம் கேட்கிறோமே, அது இரண்டாவது வகை. எந்தப் பதில் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம் செய்ததாகவே பிள்ளை நினைக்கும். எங்கள் வேலையில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தம் பகுதி முழுதும் நடந்து, எங்கே சாவி கழன்றிருக்கிறது, எங்கே தண்டவாளத்தில் விரிசல் என்று பார்த்துச் சொல்வார். அந்த இடத்தில் வேகக் கட்டுப்பாடு எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது இன்ஜினியரின் பொறுப்பு. ஆனால் நடந்து பார்த்தவரைக் கேட்காமல் ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்யும் இன்ஜினியரை யாரும் மதிக்க மாட்டார்கள்.

முறையாகச் செய்யும் இடங்களில், குழந்தைகளோடு பழகத் தெரிந்த கவுன்சலர் ஒருவர் பெற்றோர் இல்லாமல் தனி அறையில் பிள்ளையோடு பேசுகிறார். சிறு பிள்ளையானால் படம் வரையச் சொல்வார். பள்ளி விட்டு வந்ததும் என்ன செய்வாய், ராத்திரி பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவாய், எது மாறினால் தேவலை என்று பேச்சுப் போகும். பெற்றோரிடம் எதைச் சொல்லலாம், எது வேண்டாம் என்று பிள்ளையிடமே கேட்டுக்கொண்டு, பிறகு மத்தியஸ்தர் முன்னிலையில் பெற்றோருக்குச் சொல்வார். ஆஸ்திரேலியாவில் ஜெனிஃபர் மெக்கின்டாஷ் என்ற உளவியலாளரும் சகாக்களும், பிள்ளையைப் பற்றிப் பேசிய சமரசத்தையும் பிள்ளையிடமே கேட்டறிந்த சமரசத்தையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். இரண்டாவது வகையில் ஏற்பட்ட ஏற்பாடுகளே அதிகம் நிலைத்தன.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், தாய் திருச்சியில் பிறந்தகம் போய்விட, ஒன்பதாம் வகுப்புப் பெண் எந்த ஊரில் இருப்பது என்று ஆறு மாதம் இழுபறி. அவளிடம் கேட்டபோது, யாரும் நினைக்காத கவலை வெளிவந்தது: "தமிழ் பேசுவேன், எழுத வராது. அங்கே போய் எப்படிப் படிப்பேன்?" அம்மாவைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை வரை தில்லி, விடுமுறை தாயோடு, பிறகு மறுபடி பேசுவது என்று முடிந்தது. இன்னொன்றையும் அவளே சொன்னாள். இங்கே கோடை விடுமுறை மே நடுவில் தொடங்கி ஜூன் முடிய. தமிழ்நாட்டில் ஜூன் ஆரம்பத்திலேயே பள்ளி திறந்துவிடும். தாய் அங்கே ஆசிரியை. ஒப்பந்தத்தில் "கோடை விடுமுறை" என்று பொதுவாக எழுதியிருந்தால் பாதி நாள் அந்தப் பெண் தாத்தா பாட்டியோடு தனியாகத்தான் இருந்திருப்பாள். தேதி போட்டு எழுதுங்கள், யார் கொண்டு விடுவது என்பதையும் எழுதுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தால் மே மாதம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காது!

ரகசியம் பற்றி ஓர் எச்சரிக்கை. சமரசத்தில் பேசியது வெளியே போகாது என்பது பொது விதி. ஆனால் தில்லியில் தொடங்கிய ஒரு வழக்கில், குழந்தையோடு பேசிய கவுன்சலரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம், குழந்தையின் பொறுப்பு பற்றிய வழக்கில் அந்த விதி தடையல்ல என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே "நீ சொல்வது யாருக்கும் தெரியாது" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுவது நம் கையில் இல்லை.

தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை "ஜீவனாம்சம்" என்று வாய் திறந்தாலே அது யாருடைய பேச்சு என்று அனுபவமுள்ள கவுன்சலருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் "உள்ளே என்ன சொன்னே?" என்று குடையவும் வேண்டாம். பேச மாட்டேன் என்றால் அதையும் விட்டுவிட வேண்டும். அடி உதை, பயம் உள்ள வீடானால் விஷயம் வேறு. அதைக் கவுன்சலரிடமும் நீதிபதியிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சமரசம் பிறகுதான்.

நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. எல்லா இடத்திலும் தாமாகவே பிள்ளையை அழைப்பதில்லை. பெற்றோர் இருவரும் மத்தியஸ்தரிடம் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் தமிழ் மட்டும் பேசும் சின்னப் பிள்ளையானால், ஹிந்தியில் கேட்கும் அறையில் வாயடைத்துப் போகும். தமிழ் தெரிந்த கவுன்சலர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.