எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கிற பதத்தில் இருக்கும் தேநீரின் சூடு 60 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதே சூட்டில் ஓர் உயிரணுவைப் பிடித்து வைத்தால் சில நொடிகளில் அதன் புரதங்கள் திரிந்து அது செத்துப்போகும். ஆனாலும் நாக்கு தப்பித்துக்கொள்கிறது. நாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறோம். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே ரத்தம் ஓடிவந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஆக, எத்தனை டிகிரி என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு நேரம் நின்றது என்பது மீதி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "சூட்டுக்குப் புற்றுநோய் சாகுமாமே" என்று அண்மைக் காலமாகப் பலர் கேட்கிறார்கள். சாகும். உண்மைதான். அதைக் கேட்டதும் சிலர் வெந்நீர் ஒத்தடத்துக்கும் வெயிலில் உட்காருவதற்கும் போய்விடுகிறார்கள். அது எனக்குப் பெரிய கவலை. கட்டியைக் கொல்லும் சூடு வேறு. உடம்புக்கு இதமாக இருக்கும் சூடு வேறு. நடுவில் இருப்பது இரண்டு மூன்று டிகிரிதான். அந்த இரண்டு மூன்று டிகிரியைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறோம்.

காய்ச்சலை மருந்தாக்கிப் பார்த்தவர்கள் முன்பே இருந்தார்கள். 1891-இல் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளிகளுக்கு வேண்டுமென்றே பாக்டீரியாவைச் செலுத்திக் கடும் காய்ச்சலை வரவழைத்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது. சிலர் அந்தத் தொற்றிலேயே இறந்தார்கள். 1917-இல் வியன்னாவில் மருத்துவர் வாக்னர்-யாவ்ரெக், மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் நோய்க்கு மலேரியா ஒட்டுண்ணியையே ரத்தத்தில் ஏற்றினார். சில சுற்றுக் காய்ச்சல் வந்த பிறகு குயினைன் கொடுத்து மலேரியாவை அடக்கினார். அதற்காக 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோலியின் நோயாளிகளில் வேலை செய்தது சூடு மட்டுமல்ல, உசுப்பிவிடப்பட்ட நோய் எதிர்ப்பு சக்தியும்தான் என்று இன்று கருதப்படுகிறது. அது இன்னொரு நாள் பேசவேண்டிய கதை.

சூட்டைக் கணக்காக மாற்றியது 1984-இல் சபரெட்டோ, டியூவி என்ற இருவர் எழுதிய கட்டுரை. 43 டிகிரியை அவர்கள் அடையாளக் கோடாக வைத்துக்கொண்டார்கள். அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவைப்படும் நேரம் பாதியாகும். 43-இல் ஒரு மணி நேரம் செய்யும் சேதத்தை 44 டிகிரி அரை மணியில் செய்துவிடும். 45-க்குக் கால் மணி போதும். கோட்டுக்குக் கீழே போனால் கதை மாறுகிறது. ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் நேரம் நான்கு மடங்காகும். 42-இல் நான்கு மணி நேரம், 41-இல் பதினாறு மணி நேரம். இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். கட்டிக்குள் 43 இருக்கிறது என்று மருத்துவர் நம்புகிறார். உண்மையில் 41 இருக்கிறது. நோயாளி முழு ஒரு மணி நேரமும் படுத்திருந்தார். கிடைத்ததோ பதினாறில் ஒரு பங்கு சிகிச்சை. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

இந்த மிதமான சூட்டுச் சிகிச்சைக்கு ஹைப்பர்தெர்மியா என்று பெயர். அது தனியாகக் கட்டியை ஒழிப்பதற்கு அல்ல. நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சுக்குத் துணையாகத்தான் வருகிறது. கதிர்வீச்சு, உயிரணுவின் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. புற்றணு அதைத் தைத்துக்கொண்டு பிழைக்கப் பார்க்கிறது. 41, 42 டிகிரிச் சூடு அந்தத் தையல் வேலையைக் கெடுக்கிறது. கட்டியின் நடுவே ரத்தமும் ஆக்சிஜனும் போதாமல் அமிலம் தேங்கிக் கிடக்கும் உயிரணுக்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாதவை. அவைதாம் சூட்டுக்கு முதலில் விழுகின்றன. ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் நல்ல ஜோடி.

அப்படியிருந்தும் 1980-களில் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய பெரிய சோதனை கைவிரித்துவிட்டது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கும், சூடும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று முடிவு வந்தது. பலர் இந்தச் சிகிச்சையையே கைகழுவினார்கள். பிறகு பதிவுகளை எடுத்து நிதானமாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டிகளில் பலன் தென்பட்டது. பெரிய கட்டிகள் சரியாகச் சூடாகவே இல்லை. காயாத கல்லில் வார்த்த தோசை மாதிரி, நடுவில் ஓரிடம் வெந்திருக்க, சுற்றிலும் மாவாகவே நின்றிருந்தது. சூடு தோற்றது என்று எழுதப்பட்ட இடத்தில், சூடே போய்ச் சேரவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஒரு நல்ல சிகிச்சை பல ஆண்டுகள் ஓரம்கட்டப்பட்டதற்குப் பெரிய காரணம், சூடு உள்ளே எட்டியதா என்பதை அளந்து உறுதி செய்யாமல் போனதுதான்.

கட்டிக்குள் தெர்மாமீட்டர் வைப்பது அவ்வளவு சிரமமா என்று கேட்பீர்கள். சிரமம்தான். சூடு கொடுப்பது ரேடியோ அலையாலும் மைக்ரோவேவாலும். சாதாரண உலோகக் கம்பி சென்சாரை உள்ளே விட்டால், அந்த அலை கம்பியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டும். கம்பி தானே சூடாகி, அந்தச் சூட்டைக் கட்டியின் சூடாகக் காட்டும். அதனால் உலோகமே இல்லாத சென்சார் வேண்டியிருந்தது. முடி போன்ற கண்ணாடி இழை ஒன்று. அதன் நுனியில், பார்த்தால் தூசி என்று நினைக்கும் அளவுக்குக் காலியம் ஆர்சினைடு படிகம் ஒட்டியிருக்கும். இழை வழியே ஒளியை அனுப்புகிறார்கள். படிகம் அதில் சில நிறங்களை விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்பும். எந்த நிறம்வரை விழுங்குகிறது என்பது சூட்டுக்கேற்ப நகரும். திரும்பி வந்த ஒளியைப் படித்தால் டிகிரி தெரிந்துவிடும். முதலில் கட்டிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, அதற்குள் இந்த இழையைச் சிறிது சிறிதாக இழுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓர் அளவு எடுப்பார்கள். சராசரியைப் பார்த்துத் திருப்திப்படுவதில்லை. அளந்த இடங்களில் பத்தில் ஒன்பது பங்கு எந்தச் சூட்டைத் தாண்டியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். குளிர்ந்து கிடக்கும் மூலைதானே பிறகு திரும்ப முளைக்கும்.

இன்னொரு சென்சாரும் அந்த அறையில் உண்டு: நோயாளி. அவரை மயக்குவதில்லை. "இங்கே சுரீர் என்கிறது" என்று அவர் சொன்ன உடனே இயந்திரத்தின் விசையைக் குறைப்பார்கள்.

அளவு சரியானதும் முடிவுகள் மாறின. நெதர்லாந்தில் 1990 முதல் 1996 வரை நடந்த சோதனையில், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய் கொண்ட 114 பெண்கள் இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 27 சதவீதம். வாரம் ஒரு முறை சூடும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவீதம். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் 20-க்கு 37 என்று அந்த இடைவெளி நின்றது. ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: அதன் பிறகு கதிர்வீச்சோடு கீமோ கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆகவே இந்த எண்களை இன்றைய சிகிச்சையோடு நேருக்கு நேர் நிறுத்த முடியாது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். முதலில் ஒரு முறை சூடு கொடுத்து, கட்டி சூடாகிறதா என்று அளந்து பார்த்தார்கள். சூடாகும் என்று தெரிந்த 109 பேரை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். கட்டி முழுவதும் மறைந்தவர்கள் சூடு பெற்ற பிரிவில் 66 சதவீதம், பெறாத பிரிவில் 42. ஆயுள் கூடியதாக அந்த ஆய்வு காட்டவில்லை. கட்டி அடங்கியதைத்தான் காட்டியது.

நம் ஊர் மருத்துவமனைகளில் நீங்கள் அதிகம் கேள்விப்படுவது வேறு வகை: ஆர்.எஃப்.ஏ. என்பார்கள். பெரும்பாலும் கல்லீரலில், மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு. அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ பார்த்தபடி ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, நொடிக்கு நான்கைந்து லட்சம் முறை போய்த் திரும்பும் மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். ஊசி சுடுவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் திசுவின் அயனிகள் முன்னும் பின்னும் உரசி, திசு தன்னைத் தானே வேகவைத்துக்கொள்கிறது. இங்கே குறி 60 முதல் 100 டிகிரி. அதற்கு மேல் போனால் ஊசியை ஒட்டிய திசு கருகி, நீர் ஆவியாகி, மின்சாரம் போக வழியில்லாமல் வேலையே நின்றுவிடும். அதனால் பல ஊசிகளுக்குள் குளிர்ந்த நீரைச் சுற்றவிடுகிறார்கள். சுடவைக்கும் ஊசியைக் குளிர வைத்தால்தான் சூடு தூரம் போகிறது!

இதிலும் ரத்தம் குறுக்கே வரும். நாக்கைக் காப்பாற்றிய அதே வேலையை, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பருமனான ரத்தக்குழாய் தன்னை ஒட்டிய புற்றணுக்களுக்கும் செய்துவிடுகிறது. ஊசி நுனியில் உள்ள சென்சார் நுனியின் சூட்டைச் சொல்லும். குழாயை ஒட்டிய ஓரத்தைப் பற்றி அதற்குத் தெரியாது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தால் உடம்பின் நீரைக் கொண்டே சூட்டை வரைபடமாகக் காட்ட முடியும். ஆனால் மூச்சுக்கு மூச்சு அசையும் கல்லீரலில் அது தடுமாறுகிறது, கொழுப்பில் பலிப்பதில்லை. ஆராய்ச்சியாளர்கள் இப்போது ஒரே கண்ணாடி இழையின் நெடுகிலும் நுண்ணிய கோட்டு வரிசைகளைப் பொறிக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையும் தனக்கென்று ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பும். இழை சூடேறும்போது அந்த நிறம் இம்மியளவு நகரும். ஓர் இழை, பல சென்சார்கள். ஆனால் இழையை இழுத்தாலும் அதே நிறம் நகரும் என்பதால், மூச்சின் அசைவையும் சூட்டையும் பிரித்துப் படிப்பது இன்னும் தலைவலியாக இருக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை என்றால் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கட்டியின் அளவு என்ன, பெரிய ரத்தக்குழாய் பக்கத்தில் இருக்கிறதா, சூட்டை எங்கெங்கே அளப்பீர்கள்? கட்டியைத் தாண்டி ஐந்து மில்லிமீட்டராவது நல்ல திசுவும் சேர்ந்து வெந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது நடந்ததா என்பதை ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் பார்ப்பார்கள். அந்த ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். வெந்த இடத்தின் ஓரத்தில் பிறை போல ஏதாவது ஒளிர்ந்தால், பெரும்பாலும் அங்கே இன்னொரு முறை ஊசி இறக்க முடியும்.