முளைக்கும் வேலி!

"வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி" என்று தாத்தா, பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா குட்டீஸ்? முள்கம்பி வேலியில் ஓணானுக்கு என்ன வேலை? ஒளிந்துகொள்ள இலை இல்லை. தின்னப் பூச்சி இல்லை. அந்தப் பழமொழி பிறந்த காலத்தில், வேலி என்றால் பெரும்பாலும் செடிதான். அதற்கு, 'உயிர்வேலி' என்று பெயர்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் பஸ்சில் போனால், ஜன்னலோரம் உட்கார்ந்து தோட்டங்களின் ஓரத்தைப் பாருங்கள். கல்தூணும் கம்பியும்தான் இப்போது அதிகம். நடுநடுவே பழைய உயிர்வேலியும் கண்ணில் படலாம்.

உயிர்வேலிக்குப் பேர் போன செடி முள்கிளுவை. இதன் குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடித்துவிடும். கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, செத்தது போல் நிற்கும். ஒரு மழை விழட்டும்... பச்சையாகிவிடும்! காங்கேயம் பக்கம், 'கொறங்காடு' என்ற மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி இந்த வேலிதான். மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் போதும், யாரும் காவல் இருக்க வேண்டாம். புகழ்பெற்ற காங்கேயம் காளைகள் வளர்ந்தது அப்படித்தான்.

ஆடு நிறைய உள்ள ஊரா? நொச்சி, ஆடாதொடை இரண்டும் நல்லது. கசப்பான ஆடாதொடை இலையை ஆடு தொடாது. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள்! நொச்சி இன்னும் சுவாரசியம். சங்க காலத்தில் கோட்டையைக் காத்த வீரர்கள் சூடியது நொச்சிப் பூ. அன்று கோட்டைக்குக் காவல். இன்று கத்தரிக்காய்க்குக் காவல்!

எந்தச் செடியையும் வேலியாக நட்டுவிடலாமா என்றால், கூடாது. 'வேலியே பயிரை மேய்ந்த கதை' நிஜமாகவே நடந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளியை நம் ஊரில் வேலிக்கு நட்டார்கள். அதன் ஒரு மடல் ஒடிந்து விழுந்தால், அதுவே தனிச் செடியாகிவிடும். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைப் பரப்பின. வேலி தாண்டி, நிலத்துக்குள் புகுந்துவிட்டது! வெட்டி மாளவில்லை. கடைசியில், 1926ல் இலங்கையிலிருந்து கொச்சினீல் என்ற குட்டிப் பூச்சியைக் கொண்டு வந்து விட்டார்கள். வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருக்கும். நசுக்கினால் சிவப்புச் சாயம் வரும். ஆள் பலத்தால் முடியாததை, கள்ளியின் சாற்றை உறிஞ்சியே அந்தப் பூச்சி செய்தது.

சீமைக்கருவேலமும் இப்படித்தான். விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று வந்த மரம், கண்மாய்களையே பிடித்துக்கொண்டது. 2017ல் ஐகோர்ட் மதுரைக் கிளை, அதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது. இன்னும் முழுசாகப் போனபாடில்லை. வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கிறது. அதனால், வேலிக்குச் செடி தேடும்போது, 'வேகமாக வளருமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'வரப்பைத் தாண்டிப் போகுமா?' என்றும் பெரியவர்களிடம் கேளுங்கள்.

வீட்டிலோ, பள்ளித் தோட்டத்திலோ நடப் போகிறீர்களா? மதுரைப் பக்கம் நல்ல மழை பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது ஒரு அடி ஆழத்துக்கு வாய்க்கால் போல் தோண்டி, பெருவிரல் பருமனுள்ள நொச்சிக் குச்சிகளை ஒரு அடிக்கு ஒன்றாக நடுங்கள். இரண்டு வரிசை, முன் வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின் வரிசைக் குச்சி வர வேண்டும். அடிப்பக்கம் மண்ணுக்குள் போகட்டும். தலைகீழாக நட்டுவிட்டு, 'ஏன் முளைக்கலே' என்று கேட்பவர்களும் உண்டு! வெட்டிய மேல் நுனியில் கொஞ்சம் சாணியை அப்பினால், காய்ந்து போகாது. இடம் சின்னதா? மருதாணி நடுங்கள். வேலிக்கு வேலி, கைக்கும் சிவப்பு.

ஒரு கஷ்டம் உண்டு. கம்பி வேலி ஒரே நாளில் நின்றுவிடும். இது நெருங்கி வளர இரண்டு, மூன்று வருஷம் ஆகும். அதுவரை, வெட்டிய முள்ளைச் சுற்றிலும் போட்டு, வேலிக்கே வேலி கட்ட வேண்டியதுதான். நுனியை அவ்வப்போது வெட்டிவிட்டால், பக்கவாட்டில் கிளைத்து அடர்த்தியாகும். பெரிய கத்தரிக்கோல் வேலையை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். கொம்புக்கள்ளி வேலிப் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

வேலி அடர்ந்ததும் தையல்சிட்டு, தவிட்டுக்குருவி எல்லாம் குடிவரலாம். ஓணான் எப்போது வந்தது என்று தேதியைக் குறித்து வையுங்கள்!