பாறையைப் படித்த பாதிரியார்

கடலுக்கு வெகு தூரத்திலுள்ள மலைப் பாறைகளைப் பிளந்தால், சில இடங்களில் சங்கும் சிப்பியும் உள்ளே பதிந்திருக்கக் காணலாம். கடல்வாழ் பிராணிகள் மலைக்கு வருவானேன்? பார்வைக்கு எளிதான இந்தக் கேள்வியே பூமியின் பழைய சரித்திரத்தை ஆராயும் சாஸ்திரத்துக்கு வித்தாயிற்று. அதற்கு ஒழுங்கான முறையில் விடை தேடியவர்களுள் தலைசிறந்த ஒருவர், பிற்காலத்தில் கத்தோலிக்க மேற்றிராணியாராக விளங்கினார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். விஞ்ஞானமும் சமயமும் கீரியும் பாம்பும் போன்றவை என்றே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம் அல்லவா?

நிக்கொலாஸ் ஸ்டேனோ 1638-ஆம் ஆண்டில், டென்மார்க்கு தேசத்தின் தலைநகரான கோப்பன்ஹேகனில், ஒரு பொற்கொல்லரின் மைந்தராகப் பிறந்தார். லூத்தர் சபையில் வளர்ந்தார். வைத்தியம் பயின்று, சரீர அமைப்பை ஆராய்வதில் பெரும் புகழ் எய்தினார். கன்னத்தின் வழியே வாய்க்குள் உமிழ்நீரைக் கொண்டுவரும் குழாயை 1660-ல் அவர் கண்டறிந்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

சுறாவின் பல்லும் நாக்குக் கல்லும்

1666-ல் இத்தாலியக் கடற்கரையில், லிவோர்னோவுக்கு அருகே, ஒரு பெரிய சுறாமீன் அகப்பட்டது. டஸ்கனியை ஆண்ட பெர்டினாந்து பிரபு அதன் தலையைப் பிளாரென்ஸ் நகருக்கு வரவழைத்து, அங்கே தம் ஆதரவில் இருந்த ஸ்டேனோவிடம் ஒப்புவித்தார். அதன் பற்களை உற்று நோக்கிய ஸ்டேனோவுக்கு, 'நாக்குக் கற்கள்' என்று வழங்கிய முக்கோண வடிவக் கற்கள் நினைவுக்கு வந்தன.

மால்ட்டாத் தீவில் இக்கற்கள் ஏராளம். அப்போஸ்தலர் பவுல் அத்தீவில் பாம்பு கடித்தும் பிழைத்தார் என்னும் வரலாற்றோடு அவற்றைப் பிணைத்து, கல்லாய்ச் சமைந்த பாம்பு நாக்குகள் என ஜனங்கள் நம்பினர். விஷத்தை முறிக்கும் என்று அணிந்தும் கொண்டனர். வானத்திலிருந்து விழுந்தவை என்றனர் சிலர். மண்ணுக்குள்ளேயே முளைத்து வளர்பவை என்றனர் வேறு சிலர்.

ஸ்டேனோ இக்கூற்றுக்களை நிதானமாகப் பரிசீலித்தார். மரத்தின் வேர் பருத்தால் சுவர் பிளக்கும். அதுபோலக் கல்லும் மண்ணுக்குள் வளர்வதானால், சுற்றியுள்ள பாறை விரிசல் கண்டிருக்க வேண்டுமே! அவ்வாறு இல்லை. வடிவமோ சுறாவின் பல்லோடு அணுவளவும் பிசகாமல் ஒத்திருந்தது. ஆகவே அவை முற்காலத்துச் சுறாக்களின் பற்களே. அவை கிடக்கும் நிலம் ஒருகாலத்தில் நீருக்கடியில் கிடந்த சேறு என்று கருத இடமுண்டு. 1667-ல் இதை அவர் அச்சிட்டபோது, முடிந்த முடிபாக வற்புறுத்தாமல், ஆதாரங்களை அடுக்கிவைத்து அடக்கத்தோடு எழுதினார்.

அடுக்குகள் கூறும் கதை

1669-ல் அவர் லத்தீன் மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். குதிரில் நெல்லைக் கொட்டினால் முதலில் விழுந்தது அடியிலும், கடைசியில் விழுந்தது மேலேயும் அல்லவா இருக்கும்? பாறை அடுக்குகளும் அப்படியே. கீழுள்ளது மூத்தது, மேலுள்ளது இளையது. நீரில் படிந்த வண்டல் சமதளமாகவே படியும். அடுக்கு சாய்ந்திருந்தால், படிந்த பிறகு அதை ஏதோ ஒன்று குலைத்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கின் இருகரையிலும் ஒரே அடுக்குத் தென்பட்டால், அது முன்பு ஒன்றாயிருந்து நடுவே அறுபட்டது. இம்மூன்று விதிகளையும் பூமி சாஸ்திர மாணவர்கள் இன்றும் முதற்பாடமாகக் கற்கிறார்கள்.

1667-ல் கத்தோலிக்கத் திருச்சபையைத் தழுவிய ஸ்டேனோ, 1675-ல் குருப்பட்டம் பெற்றார். 1677-ல் மேற்றிராணியாராக உயர்த்தப்பட்டு ஜெர்மனிக்குச் சென்றார். துறவியைப்போல் எளிய வாழ்வு நடத்தி, 1686-ல் ஷ்வெரின் நகரில் உயிர் நீத்தார். 1988-ல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு 'முத்திப்பேறு பெற்றவர்' என்னும் பதவியை வழங்கினார்.

காலக் கணக்கு

ஸ்டேனோ கண்ட விதிகள் சரியானவை; அவர் கொண்ட காலக் கணக்கு பிழையானது. வேதாகமத்தின் ஜலப்பிரளயத்தோடு டஸ்கனியின் பாறைகளைப் பொருத்திக் காட்டினார். அரெட்சோ நகருக்கு அருகே அகப்பட்ட பேரெலும்புகளை, ஹானிபலின் சேனையோடு வந்த யானைகளுடையவை என எண்ணினார். காலத்தை அளக்கும் கருவி அக்காலத்தவர் எவரிடமும் இல்லை. கி.மு. 4004-ல் உலகம் படைக்கப்பட்டது என்று அஷர் என்னும் ஆங்கிலிக்கன் ஆர்ச்பிஷப் 1650-ல் கணித்ததையே பலரும் ஏற்றிருந்தனர்.

பாறை அடுக்குகளை எண்ண எண்ண, அக்கணக்குப் போதாது எனத் தெரியவந்தது. அதை உணர்ந்தவர்களுள் குருமாரும் உண்டு. கேம்பிரிட்ஜ் பேராசிரியரும் ஆங்கிலிக்கன் குருவுமான ஆடம் செட்ஜ்விக், பரவலாகக் கிடக்கும் சரளைப் படிவுகள் ஒரே பிரளயத்தால் நேர்ந்தவை என்ற தம் பழைய கொள்கையை 1831-ல் பகிரங்கமாகக் கைவிட்டார். சமய நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. 1956-ல் கிளேர் பாட்டர்சன் என்பவர் விண்கற்களிலுள்ள ஈயத்தை ஆராய்ந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று காட்டினார். இதை ஏற்காத கிறிஸ்தவர்கள் இன்றும் உளர். தங்கள் விசுவாசத்துக்கு முரணில்லை என்று ஏற்பவர்களும் பலர்.

பின்னவர் கூறும் நியாயம் கவனிக்கத் தக்கது. உலகம் ஆண்டவனின் கைவேலை என்றால், அதிலுள்ளதை உள்ளபடி காண்பது பக்தனின் கடமையாகிறது. பொய்ச் சாட்சி கூறுவதைப் பத்துக் கட்டளைகளுள் ஒன்று விலக்குகிறது. வாயில்லாக் கல்லைக் குறித்துக் கூறும் சாட்சிக்கும் அது பொருந்தாதா? எந்தச் சமயத்தவரும் ஏற்கத்தக்க நெறி இது.

நம் திருநாட்டிலும் இக்கல்விக்குரிய ஏடுகள் விரிந்து கிடக்கின்றன. கடலினின்றும் வெகு தொலைவிலுள்ள அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கடற் சிப்பிகள் நிறைந்துள்ளன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே அலை வீசியது என்பதற்கு அவையே அத்தாட்சி. நம் இளைஞர்கள் அவற்றைத் தம் கண்ணால் கண்டு, ஸ்டேனோவைப்போல், 'இது இங்கே எப்படி வந்தது?' என்று கேட்பார்களாக.