எண்ணெய் பால்நிறமானால் எச்சரிக்கை!

சாங்கி பாயிண்ட் படகு முனையத்தில் 12 பயணிகள் சேர்ந்ததும் 'பம்போட்' புலாவ் உபினுக்குப் புறப்படும். ஏறத்தாழ 10 நிமிடப் பயணம். அதுவரை டீசல் இயந்திரத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் காப்பது, தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம்.

இயந்திரத்தின் அடியில் தேங்கியிருக்கும் எண்ணெயை ஒரு பம்ப் உறிஞ்சி, வடிகட்டி வழியாகப் பாகங்களுக்கு அனுப்புகிறது. எண்ணெய் உராய்வைக் குறைக்கும். வெப்பத்தை எடுத்துச் செல்லும். கரித்துகள்களையும் அள்ளி வரும்.

எண்ணெயைச் சோதிக்க இயந்திரத்தை நிறுத்தி, அளவுக்கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். நிறத்தையும் கவனிக்க வேண்டும். கறுப்பு நிறம் டீசல் புகைக்கரியால் வருவது, அது இயல்பு. பால் கலந்த தேநீர்போல் தெரிந்தால், நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

பல படகு இயந்திரங்களைக் குளிர்விப்பது கடல்நீர்தான். குளிர்விப்பானில் கசிவு ஏற்பட்டால் அந்த நீர் எண்ணெயில் கலக்கலாம். நீர் கலந்த எண்ணெய் பாரம் தாங்காது. உலோகம் உரசும், உப்பு அரிக்கும், நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோகலாம். எனவே முதலில் கசிவைச் சரிசெய்துவிட்டு, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.

பழைய எண்ணெயைக் கடலில் கொட்டினால் உபினின் செக் ஜாவாவில் வாழும் நண்டுகளுக்கும் கடற்புல்லுக்கும் கேடு. உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்: போத்தலில் சிறிது சமையல் எண்ணெயும் நீரும் ஊற்றி, மூடிக் குலுக்குங்கள். இரண்டும் தெளிவானவை, கலவை மட்டும் ஏன் வெண்மையாகிறது? நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான்!