‘வேண்டும்’ என்னும் கொடுங்கோல்



நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் ஒருநாள் கணிதத் தேர்வுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தோம். 100க்கு 96 புள்ளிகள் பெற்ற மாணவன் ஒருவன், தன் தாளைக் கிழித்து மேசைக்குள் திணித்தான். “ஏன் தம்பி?” என்றோம். “நூறு வாங்கியிருக்க வேண்டும் ஐயா” என்றான். வகுப்பார் முன்னிலையில் அவனைப் பாராட்டினோம்; இந்த வேகம் எல்லாருக்கும் வர வேண்டும் என்றும் சொல்லி வைத்தோம். அதன்பின் தேர்வு வரும் நாளெல்லாம் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. மருத்துவர் சோதித்துவிட்டு, உடலில் கோளாறு ஒன்றுமில்லை என்றார்.

நாம் செய்தது பிழை என்று பின்னாளில் நமக்கு உணர்த்தியது ஒரு நூல். அதை எழுதியவர் கேரன் ஹார்னி என்னும் அம்மையார். 1885ஆம் ஆண்டு ஜெர்மனியில், ஹாம்பர்க் நகருக்கு அருகே, கப்பல் தலைவர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். மருத்துவம் பயின்று, பெர்லினில் உளப்பகுப்பாய்வு கற்பித்து, 1932இல் அமெரிக்கா சென்றார். பிராய்டின் கொள்கைகள் சிலவற்றை மறுத்தமையால், 1941இல் நியூயார்க் உளப்பகுப்பாய்வுக் கழகத்தைவிட்டு விலக நேர்ந்தது. நாம் குறிப்பிடும் நூல் 1950இல் வெளிவந்தது. நியூரோசிஸையும் மனித வளர்ச்சியையும் பற்றியது. 1952இல் அவர் மறைந்தார்.

நியூரோசிஸ் என்றதும் நம்மவர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எண்ணி டானிக் வாங்கப் புறப்பட்டுவிடுவர். இது அதுவன்று. அறிவு தெளிவாக இருக்கும், வேலையும் நடக்கும். மனம் மட்டும் தனக்குள்ளே முரண்பட்டு ஓயாமல் பதறும். இன்றைய மருத்துவர்கள் இதை ஒரு நோயின் பெயராக அதிகம் வழங்குவதில்லை. ஆனால் பெயர் போனதால் அந்தப் பதற்றம் போய்விடவில்லை.

அன்பும் பாதுகாப்பும் கிடைக்காத குழந்தையின் உள்ளத்தில் ஓர் அடிப்படை அச்சம் குடியேறுகிறது என்கிறார் ஹார்னி. அதைத் தாங்க மாட்டாமல், அக்குழந்தை குறையே இல்லாத ஒரு பிம்பத்தைக் கற்பனையில் படைத்து, ‘அதுவே நான்’ என்று நம்பத் தொடங்குகிறது. பிறகு அந்தப் பிம்பம் எசமானாகிவிடுகிறது. எதிலும் வெல்ல வேண்டும், எவரிடமும் கோபம் கொள்ளலாகாது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆணைகள் பிறக்கின்றன. இவ்வாணைகளின் கொடுங்கோன்மை என்றே அவர் எழுதினார். 96 எடுத்த பையன் கிழித்தது தாளை மட்டுமன்று. பிம்பத்துக்கு எட்டாத தன்னையே அவன் கிழித்தான். இந்த ஆணைகளுக்கு ஈடுகொடுக்கச் சிலர் பிறரை அடக்கி ஆள்கிறார்கள். சிலர் பணிந்து பணிந்து தேய்கிறார்கள். சிலர் எதுவும் வேண்டாமென ஒதுங்கிவிடுகிறார்கள்.

தமிழாசிரியர் என்ற முறையில் நமக்கு இங்கே ஒன்று தோன்றுகிறது. ‘எனக்குச் சோறு வேண்டும்’ என்பதில் விருப்பம் இருக்கிறது. ‘நான் முதலாவதாக வர வேண்டும்’ என்பதில் கட்டளை இருக்கிறது. சொல் ஒன்றுதான். இரண்டாவது பெருகப் பெருக, முதலாவது எங்கே போயிற்றென்று அம்மனிதனுக்கே தெரியாமற் போகிறது.

இனி அறத்தைப் பற்றிய கேள்வி. கட்டளைகளைத் தளர்த்தினால் பிள்ளை கெட்டுப்போகாதா? அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! மனிதன் இயல்பிலேயே தீயவன் என்றால் அவனை அடக்கத்தான் வேண்டும். நன்மையும் தீமையும் கலந்தவன் என்றால் நல்லதை ஊட்டித் தீயதை ஒடுக்க வேண்டும். ஹார்னி மூன்றாவது ஒரு வழியைக் கொண்டார். வளர முயலும் ஆற்றல் மனிதனுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை. ஓக் மரத்தின் விதையை அவர் உவமை காட்டினார். நம் கண்முன் ரப்பர் கொட்டை இருக்கிறது. வெயிலில் காய் வெடித்துச் சிதறும் கொட்டைக்கு, மரமாவது எப்படி என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. ஆனால் அதற்கு ஈரமண் வேண்டும். சில வாரங்கள் உலர்ந்து கிடந்தால் முளைக்காது.

இப்படிப் பார்த்தால், ஒவ்வொரு செயலிலும் கேட்க வேண்டியது, ‘இது என் வளர்ச்சிக்குத் துணையா, தடையா?’ என்பதே. தன்னை அறிவது அதற்குக் கருவி. இது தன்னலம் என்று சிலர் குறைகூறலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னை ஓயாமல் வெறுப்பவனுக்குப் பிறரைக் கவனிக்க நேரம் ஏது? மனிதரின் உள்ளே உள்ள ஆற்றல் நல்லதுதான் என்று அவர் கணக்குப்போல் நிறுவிக் காட்டவில்லை என்பதும் உண்மை. ஆயினும் வகுப்பில் பிரம்பைவிட இந்த நம்பிக்கையே நமக்கு அதிகம் கைகொடுத்திருக்கிறது.

அப்பையனிடம் அடுத்த தேர்வுக்குப்பின் புள்ளியைப் பற்றிப் பேசவில்லை. “இதில் உனக்கு எந்தக் கணக்குப் பிடித்தது?” என்று கேட்டோம். விழித்தான், பதில் வரவில்லை. மறுவாரமும் கேட்டோம்.