டிரம்முக்குள் மையம் எது?

மையம் விளிம்பை வெளியே தள்ளுகிறது என்று எழுதி எழுதி நமக்குக் கை பழகிவிட்டது. உவமை இயற்பியலிடமிருந்து வாங்கிய கடன். வாங்கியவர்கள் ஒருமுறையாவது ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஏதாவது ஒரு தோல் ஷாப்பில் டிரம் சுற்றுவதைப் பார்த்திருக்கலாம். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, டிரம்மை விட்டுப் பாலாற்றுக்குப் போகும் தண்ணீரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், பேசவும் வேண்டும். அந்த டிரம் ஏன் இவ்வளவு மெதுவாகச் சுத்துது என்று மட்டும் கேட்டதில்லை.

3 மீட்டர் விட்டமுள்ள மர டிரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே தோலும் குரோம் கரைசலும். நிமிடத்துக்கு 10 சுற்று. விளிம்பின் வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஒரு ஆள் விறுவிறுவென்று நடக்கிற வேகம்தான்.

ஓடுகிற பொருளைச் சும்மா விட்டால் அது நேர்கோட்டில் போகும். வட்டத்தில் போக வேண்டுமானால் ஒவ்வொரு கணமும் அதை ஏதாவது ஒன்று உள்பக்கமாக வளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உள்நோக்கிய விசைக்குத்தான் மையநோக்கு விசை என்று பெயர். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். இங்கே அதைக் கொடுப்பது யார்? நடுவில் இருப்பது ஒரு அச்சுக்கோடு, அது தோலைத் தொடுவதே இல்லை. தோலைத் தொட்டு வளைப்பது விளிம்பில் இருக்கும் பலகை. நம் கட்டுரைகளில் வரும் 'மையம்' இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படியானால் பஸ் வளைவில் திரும்பும்போது நம்மை வெளியே தள்ளுவது எது? யாரும் தள்ளவில்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் திரும்பிவிடுகிறது. பஸ்ஸுக்குள் இருந்துகொண்டே கணக்குப் போடுகிறவருக்கு மட்டும் மையவிலக்கு விசை என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு நேராகும். ஹைகன்ஸ் 1659இல் அப்படித்தான் பார்த்துப் பெயர் வைத்தார். 1687இல் நியூட்டன் பார்வையைத் திருப்பி, மையநோக்கு என்றார்.

இனி டிரம்மின் உச்சி. அங்கே புவியீர்ப்பும் உள்பக்கமாகத்தான், அதாவது கீழ்நோக்கி, இழுக்கிறது. வட்டத்தில் தங்குவதற்குத் தேவையான முடுக்கம் 9.8ஐவிட அதிகமானால் மிச்சத்தைப் பலகை கொடுக்கும். தோல் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும். குறைந்தால் தோல் வட்டத்தை விட்டு விழும். 3 மீட்டர் டிரம்முக்கு இந்த எல்லை நிமிடத்துக்கு ஏறக்குறைய 24 சுற்று. ஆட்டுத் தோலா எருமைத் தோலா என்பது பொருட்டில்லை, சமன்பாட்டின் இரு பக்கமும் நிறை அடிபட்டுப் போகிறது. 10 சுற்றில் தேவைப்படும் முடுக்கம் 1.6தான், ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே உள்ளே அடித்திருக்கும் முளைக்கட்டைகள் தோலைத் தூக்கிக்கொண்டு மேலே போகின்றன, அது தொப்பென்று கரைசலில் விழுகிறது. இந்த அடிதான் குரோமைத் தோலுக்குள் ஏற்றுகிறது. 25, 30 சுற்று வைத்தால் சுவரை ஒட்டிய தோல் விழவே விழாது, கரண்டுதான் செலவு. சுண்ணாம்பு ஏறி உப்பிய தோலுக்கு 3, 4 சுற்றே போதும், இல்லாவிட்டால் மேல்பரப்பு உராய்ந்து கெட்டுவிடும்.

விட்டம் மாறினால் எல்லையும் மாறும். 1 மீட்டர் சோதனை டிரம்முக்கு 42, 4 மீட்டருக்கு 21. சின்னதில் பார்த்த சுற்றை அப்படியே பெரியதில் வைக்கிறவர் வேறு ஒரு டிரம்மைத்தான் ஓட்டுகிறார்.

கதவு இடுக்கிலிருந்து தெறிக்கும் சொட்டைக் கவனியுங்கள். அது மையத்துக்கு நேர் எதிரே பாய்வதில்லை, விட்ட இடத்தின் தொடுகோட்டில் போகிறது. மேலேறும் பக்கத்தில் விட்டால் மேலே எழும்பித்தான் விழும். டிரம்மை ஓட்டும் பெல்ட்டுக்கும் இதே திசைதான். பெல்ட் கப்பியைத் தொடும் வாயில் சட்டை நுனி மாட்டினால் அது ஆளை உள்ளே கொண்டுபோகும். 'வெளியே தள்ளும்' என்ற படத்தை மனதில் வைத்திருப்பவர் எதிர்பார்க்காத திசை அது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு இந்த இடங்களுக்கு வேலி போடச் சொன்னது.

சுவிட்சை அணைத்ததும் ஆபத்து தீர்ந்துவிடுவதும் இல்லை. ஓடும்போது தோல்குவியல் மேலேறும் பக்கமாக ஒதுங்கியிருக்கும். மோட்டார் விட்டதும் அந்தப் பாரம் கீழே வரப் பார்க்கும், நின்ற டிரம் பின்பக்கமாக உருளும். தடை போட்டுக் கட்டும்வரை கதவில் கை வைக்கக்கூடாது.